மாப்பிள்ளை டயர்

சவேரி,

பூசை முடிந்து நீயும் ஸ்டெல்லாவும் தெருமுனை திரும்பும்போதே கண்ணில் பட்டிருக்கும். வாசலில் உன் வண்டி கல் மேல் நிற்கிறது, சக்கரம் ஒன்றுகூட இல்லை. திருட்டு என்றுதான் முதலில் நினைத்திருப்பாய். எதிர்வீட்டுக்காரரை எழுப்பாதே, போலீஸுக்குப் போன் போடாதே, அம்மாவிடம் கத்தாதே. கழற்றியது உன் அப்பன்தான். வைப்பருக்குக் கீழே இந்தக் காகிதத்தைச் செருகியதும் நான்தான். ஸ்டெல்லாவை உள்ளே போய் உட்காரச் சொல். ஏழு மாத வயிற்றோடு வெயிலில் நிற்க வேண்டாம். நீ மட்டும் கடைசிவரை படி. அதற்குப் பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நான் பதில் பேசப் போவதில்லை.

இதை வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். வெளியே துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் வழக்கம்போல வால் நீண்டு நிற்கின்றன. ஒவ்வொரு தடவை பிரேக் காற்று உஸ்ஸென்று போகும்போதும் நிமிர்ந்து வாசலைப் பார்க்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். நேரில் சொல்லியிருக்கலாம் என்பாய். புதன்கிழமை சாப்பிடும்போது சொல்லப் பார்த்தேன். "நைனா, ஸ்டெல்லாவ தூத்துக்குடிக்கு, அவுங்க அம்மா வூட்டுக்கு, ரயில்ல கூட்டிகினு போயேன்" என்றேன். நீ சிரித்தாய். "ஆரம்பிச்சிட்டியாப்பா, உனக்கு டீக்கடைக்கு நடந்து போவவே ஹெல்மெட்டு வேணும்" என்றாய். அம்மா சிரித்தாள், ஸ்டெல்லாகூட வாயை மூடிக்கொண்டு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

நம் வீட்டில் என் பயம் ஒரு பெரிய தமாஷ், எனக்குத் தெரியும். வாடகைக் கார் வந்தால் ஏறுவதற்கு முன்னால் நாலு பக்கமும் சுற்றி வந்து டயரைத் தடவிப் பார்ப்பேன். மழை நாளில் நீ பைக்கை எடுத்தால் நீ ஆபீஸ் போய்ச் சேர்ந்து போன் பண்ணுகிறவரை எனக்குக் காப்பி இறங்காது. உன் கல்யாணத்தன்று நடந்ததை உன் மாமனார் வீட்டில் இன்னும் பேசுகிறார்கள். கோயிலிலிருந்து மண்டபத்துக்கு உங்கள் இரண்டு பேரையும் ஏற்றிப்போக உன் தோஸ்து ஒருத்தன் பெரிய வெள்ளைக் கார் கொண்டுவந்தான். மல்லிகைச் சரம் கட்டி, ரிப்பன் சுற்றி நின்றது. பேண்டு வாத்தியக்காரர்கள் ஊத ஆரம்பித்துவிட்டார்கள். நான் புது வேட்டி சட்டையோடு அப்படியே தரையில் படுத்து வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டேன். சம்பந்தி வீட்டார் என்னைக் காணோம் என்று தேட, உன் சித்தப்பன் என் காலைக் காட்டி, அதோ கீறாரு என்றானாம். வெளியே வந்து, இந்த வண்டி வேண்டாம், பிள்ளைகள் ஆட்டோவில் போகட்டும் என்றேன். உன் மாமனாருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அவர் பெண் கிரீடமும் வெள்ளைப் புடவையுமாக ஷேர் ஆட்டோவில் போய் இறங்கியது. கல்யாண ஆல்பத்தில் மண்டபத்துப் படம் எல்லாவற்றிலும் என் தோளில் கிரீஸ் கறை இருக்கிறது. அந்த அவமானத்தைத் துடைக்கத்தான் நீ இந்தக் காரை வாங்கினாய் என்பது எனக்குத் தெரியாதா? முதல் பிரசவத்துக்குப் பெண் வீட்டார் வந்து அழைத்துப்போவதுதான் முறை. நீதான் வேண்டாம் என்றாய். மாமனார் வீட்டு வாசலில் சொந்த வண்டியில் போய் இறங்க வேண்டும் உனக்கு.

அன்று ஏன் அப்படிச் செய்தேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று விட்டுவிட்டீர்கள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

உன் அப்பா மெக்கானிக் என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தாய். மெக்கானிக் வேலை நான் செய்தது பாதிதான். மீதிப் பாதி, வண்டியை எஃப்.சி. காட்டுகிற வேலை, அதாவது தகுதிச் சான்று வாங்கித் தருகிற வேலை. பதினைந்து வருஷம் ஓடிய காரை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய், பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தி, இன்னும் ஐந்து வருஷம் ரோட்டில் ஓடலாம் என்று ரினிவல் வாங்க வேண்டும். அதற்குத் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் என்னைத்தான் தேடி வருவார்கள். நம் பக்கத்துக் கம்பெனிகளில் பெரிய அதிகாரிகள் ஓட்டிய கார்கள்தான் அதிகம் வரும். பட்டறையில் அதற்கு மேனேஜர் வண்டி என்று பெயர். தோல் சீட்டு, கூரையில் கண்ணாடி, பட்டனைத் தொட்டால் பின்னால் சாய்கிற நாற்காலி. புதிதாக இருக்கும்போது நம்மால் கிட்டேகூட நிற்க முடியாத வண்டி, பதினைந்து வருஷத்தில் நாலு கை மாறி நம்மவர்கள் கைக்கு எட்டுகிற நிலைக்கு வந்துவிடும். ஆனால் அதைப் பராமரிக்கிற செலவு மட்டும் மேனேஜர் செலவாகவே இருக்கும். அதனால் வாங்கினவர்கள் மேலே துடைத்துக்கொண்டே இருப்பார்கள், கீழே குனிந்து பார்க்க மாட்டார்கள்.

அந்த வண்டிகள் சோதனையில் எங்கெங்கே மாட்டும் என்று எனக்கு மனப்பாடம். முதலில் டயர். பிறகு பிரேக், முன்சக்கரத்து டிஸ்க் தேய்ந்து ஓரத்தில் விளிம்பு கட்டியிருக்கும், ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள மூட்டு ஆடும். ஹெட்லைட் மஞ்சள் பூத்திருக்கும். என்ஜின் எண்ணெய் ஒழுகும், புகை கறுக்கும். அடிப்பக்கம், நம் கடற்காற்றைச் சொல்லவே வேண்டாம், மேலே கண்ணாடி மாதிரி பெயின்ட் பளபளக்கிறபோதே கீழே அப்பளமாக நொறுங்கும். கடைசியாக மீட்டரில் எரிகிற சிவப்பு, மஞ்சள் விளக்குகள். பிரேக்கில் கோளாறு, காற்றுப்பை வேலை செய்யாது என்று வண்டி தானே வாயைத் திறந்து சொல்வது அந்த விளக்குகளில்தான். இதில் எதையும் நான் சரிசெய்ததில்லை என்று சொல்ல மாட்டேன். சிலவற்றைச் செய்தேன். செய்ய முடியாததை மறைத்தேன். ஹெட்லைட்டுக்குப் பற்பசை தேய்த்தேன். காட்டப் போகிற அன்று காலையில் என்ஜினை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவித் துடைத்துவிட்டால் சாயங்காலம் வரைக்கும் ஒழுகல் தெரியாது. துருவுக்கு மேல் எண்ணெய் டின்னை வெட்டித் தகடு வைத்து, பட்டி பூசி, தார் கலந்த கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுவேன். விளக்கு அணையவில்லை என்றால் மீட்டரைப் பிரித்து அதற்குப் பின்னால் கறுப்பு டேப் ஒட்டிவிடுவேன். ஆபீஸில் இருந்தவர்களைக் குறை சொல்லாதே. அவர்கள் எதிரில் இருந்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். எதிரில் எது இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவன் நான்.

டயருக்கு ஒரு தனி ஏற்பாடு இருந்தது. பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி நாலு டயர் இருக்கிறதே, அதில் ஏறி நீ பட்டம் விட்டிருக்கிறாய். அதற்கு மாப்பிள்ளை டயர் என்று பெயர். ஒரு நாள் மட்டும் போட்டுக்கொள்கிற கோட்டு சூட்டு மாதிரி. உன் கல்யாணக் கோட்டுகூட வாடகைதானே? கடைக்காரன் மறுநாள் காலையே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதேபோல, எஃப்.சி. காட்டுகிற அன்று மட்டும் மேனேஜர் வண்டிக்கு என் நாலு நல்ல டயரை மாட்டுவேன். கையெழுத்து விழுந்ததும் ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நிறுத்தி, அதைக் கழற்றிக்கொண்டு, அவர்களுடைய பழைய டயரையே மாட்டி அனுப்பிவிடுவேன். இது நான் கண்டுபிடித்த தந்திரம் இல்லை, எங்கள் தொழிலில் எல்லோரும் செய்தது. வண்டிக்காரர்களும் சந்தோஷமாகத்தான் போனார்கள். அப்படி எத்தனை வண்டி அனுப்பினேன் என்று எண்ணியதில்லை, சவேரி. இப்போது எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

நீ பத்தாவது படித்த வருஷம் காத்திவாக்கத்திலிருந்து ஏழுமலை என்று ஒருவர் வந்தார். இறால் எடுத்து விற்கிற மனிதர். மகள் கல்யாணத்துக்காகச் சாம்பல் நிறத்தில் ஒரு மேனேஜர் வண்டி வாங்கியிருந்தார், அதற்கு எஃப்.சி. முடிந்துபோயிருந்தது. வழக்கம்போல எல்லாம் செய்தேன். சந்தில் வைத்து மாப்பிள்ளை டயரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி வண்டிக்குள் உட்கார்ந்து எனக்கும் சேர்த்து டிபன் டப்பா திறந்துகொண்டிருந்தது. ஏழுமலை தன் பழைய டயரைக் காலால் உருட்டிக்கொண்டு வந்தார். அது வழுக்கையாக இருந்தது. பக்கவாட்டில் தலைமுடி அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. "இன்னா மேஸ்திரி, இது தாங்குமா?" என்று கேட்டார். கேட்டார் என்பதைக் கவனி. தெரியாத மனிதர் தெரிந்தவனிடம் கேட்டார். டயர் மாற்றச் சொன்னால், அப்புறம் இன்னொரு நாள் பார்க்கலாம் என்பார், என் வேலை தள்ளிப்போகும், பசி வேறு. "ஒண்ணியும் ஆவாதுண்ணே, தாங்கும்" என்றேன். அந்த அம்மா கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் மழை பெய்தது. பெரிய மழைகூட இல்லை. எர்ணாவூர்ப் பக்கம் துறைமுக லாரிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. ஏழுமலை பிரேக்கை மிதித்தார், வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய்க் கடைசி டிரெய்லரின் பின்பக்கத்தில் மோதியது. அவர் கால் உடைந்தது. அந்த அம்மா அங்கேயே போய்விட்டது. மகள் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. எனக்கு மறுநாள் டீக்கடையில்தான் செய்தி தெரிந்தது. டீயைக் குடித்து முடிக்காமல் பட்டறைக்கு வந்து, மாப்பிள்ளை டயரின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். யாராவது வந்து கேட்பார்கள் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். ஜீப் சத்தம் கேட்டால் பட்டறைக்குப் பின்பக்கம் போய் நின்றுகொள்வேன். யாரும் வரவில்லை.

ஆறு மாதம் கழித்து ஏழுமலைதான் வந்தார். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தார். உன் அம்மா நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். அவர் சண்டைக்கு வரவில்லை. நஷ்டஈடு கேட்கவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டார். "மேஸ்திரி, நீ அப்ப சொன்னியே, தாங்குற டயருதான அது?" நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்ல டயருண்ணே. நீதான் கொஞ்சம் வேகமா போயிருப்ப" என்றேன். அவர் ஒரு மடக்கு டீ குடித்தார். பிறகு, "ஆமா, அப்டித்தான் இருக்கும், வேகமாத்தான் போயிருப்பேன்" என்றார். டம்ளரை வைத்துவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷமும் அந்த மனிதர் தன் மனைவியைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் நினைக்க வைத்தேன்.

அன்றோடு அந்தத் தொழிலை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விடவில்லை. கொஞ்ச நாள் வயிற்றுவலி என்று சொல்லித் தட்டிக் கழித்தேன், பிறகு ஒருவர் கெஞ்சினார், தார்ப்பாயை எடுத்தேன். ஆனால் நான் காட்டிய வண்டிகளில் நம் வீட்டார் யாரும் ஏறக் கூடாது என்பதில் மட்டும் கண்ணாக இருந்தேன். மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏறலாம். அப்படி ஒரு கணக்கு என் மனதில் இருந்தது என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது. உன் கல்யாணத்தன்று கீழே படுத்துத் தேடியது வேறொன்றையும் இல்லை, என் கைவேலை அதில் இருக்கிறதா என்றுதான் தேடினேன், இருந்தது.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். போன மாதம் நீ ஆபீஸிலிருந்து போன் பண்ணினாய். ஒரு கார் பார்த்திருக்கிறேன், எஃப்.சி. புதிதாக ஐந்து வருஷத்துக்கு ஆகியிருக்கிறது, நீ வந்து ஒரு தடவை பார்க்கிறாயா என்று கேட்டாய். எனக்கு முழங்கால் வலி. "எஃப்.சி. ஆயிருக்கில்ல, அப்புறம் இன்னா, எடுத்துக்க" என்றேன். அந்தப் பேப்பர் எப்படி வாங்கப்படுகிறது என்று இந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்த ஆள், அந்தப் பேப்பரை நம்பச் சொல்லி உனக்குச் சொன்னேன். நேரில் வந்து பார்த்தால், பட்டி எங்கே, டேப் எங்கே என்று உன் எதிரில் என் கை தானாகப் போகும், உனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய், அந்தப் பயமும் முழங்கால் வலியோடு சேர்ந்துதான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் வண்டியை மந்திரிக்க வந்தார். நீ சாவியை என் கையில் கொடுத்து, "நீதாம்பா மொதல்ல ஸ்டார்ட் பண்ணணும்" என்றாய். ஸ்டெல்லா கதவைத் திறந்துவிட்டு, "மாமா, நீங்க முன்னாடி இருங்க" என்றது. தீர்த்தம் கண்ணாடியில் தெறித்தது. சாவியை ஒரு சுற்றுத் திருப்பினேன். நல்ல வண்டியென்றால் சாவி போட்டதும் மீட்டரில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து, பிறகு ஒவ்வொன்றாக அணையும். உன் வண்டியில் இரண்டு இடத்தில் எரியவே இல்லை. பிரேக் விளக்கு இருக்க வேண்டிய இடமும், காற்றுப்பை விளக்கு இருக்க வேண்டிய இடமும் இருட்டாக இருந்தன. நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். எனக்கு உடம்பு முழுக்க வேர்த்துவிட்டது. சந்தோஷத்தில் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது என்று நீ யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை நீ வேலைக்குப் போன பிறகு அடியில் படுத்தேன். கலர் புதிது, நம்பரை நான் நினைவில் வைப்பதில்லை, அதனால்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. கீழே என் தகடு இருந்தது, சவேரி. எண்ணெய் டின்னில் வெட்டிய தகடு, அதில் டின்னின் பச்சை எழுத்துப் பாதிகூடத் தெரிந்தது. பழைய கார் விற்கிற ஒருவன் எட்டு மாதத்துக்கு முன்னால் கொண்டுவந்த வண்டி. வெளியூருக்குப் போகிறது மேஸ்திரி, காட்டி மட்டும் கொடு என்றான். ஜாக்கி வைக்கிற இடத்தில் ஸ்குரூ டிரைவரை அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போனது. பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாய் துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்தது. அன்று நான்தான் அதைத் துடைத்து, பசை உருட்டி வைத்து, மேலே கறுப்பு அடித்தேன். ஆபீஸ் வாசலில் ஒரு நாள் தாங்கினால் போதும் என்று வைத்த பசை. தொட்டுப் பார்த்தேன், சுற்றிலும் ஈரமாக இருந்தது. விரலை மோந்து பார்த்தேன், பிரேக் ஆயில்தான்.

அப்படியே அந்தக் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். திண்டிவனம் தாண்டி நீ நூறில் போகிறாய், ஏதோ மாடு குறுக்கே வருகிறது, நீ பெடலை மிதிக்கிறாய், அது தரைவரைக்கும் போகிறது. காற்றுப்பை திறக்காது. அதைச் சொல்கிற விளக்கை டேப் ஒட்டி மறைத்தவனே நான்தான். பக்கத்தில் ஸ்டெல்லா, வயிற்றில் பிள்ளை. கண்ணை மூடினாலும் இதுதான் ஓடுகிறது, திறந்தாலும் இதுதான் ஓடுகிறது. ஏழுமலையின் மனைவி இட்லி டப்பாவைத் திறந்த மாதிரி ஸ்டெல்லா ஏதோ டப்பாவைத் திறக்கிறது. எனக்கு இவ்வளவு பயம் வாழ்க்கையில் வந்ததில்லை. உன் அம்மாவுக்கு ஆப்பரேஷன் நடந்தபோதுகூட வரவில்லை.

குழாயை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றும் யோசித்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் அடித்தட்டே போய்விட்டது, அதில் எதை மாட்டியும் பிரயோசனமில்லை. அது இனி ரோட்டுக்குப் போகிற வண்டியில்லை. டயரையும் பார்த்தேன். பளபளவென்று பாலிஷ் அடித்திருந்தார்கள். டயரின் பக்கவாட்டில் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். உன் டயர் செய்யப்பட்டபோது நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். இனி எந்தக் காரில் ஏறினாலும் அந்த நாலு எண்ணைப் பார். சாவி போட்டதும் விளக்குகள் எரிந்து அணைகின்றனவா என்று பார். பழைய வண்டியின் அடிப்பக்கம் புதிதாகக் கறுப்பு அடித்து அழகாக இருந்தால் வாங்காதே. எனக்குத் தெரிந்த படிப்பு இவ்வளவுதான், அதையும் உனக்குச் சொல்லிக்கொடுக்காமல் வைத்திருந்தேன்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாணலியை இறக்கி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். கடைசியில், "அன்னிக்கி அந்த மன்சனுக்கு நான்தான டீ போட்டுக் குடுத்தேன்" என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உம்புள்ளன்னதும் உனுக்கு வலிக்குது. அவரு இன்னும் தன்னையே திட்டிகினு கீறாரு. போய் சொல்லு" என்றாள். இன்று காலை அவளே ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்று தட்கலில் உங்கள் இரண்டு பேருக்கும் தூத்துக்குடிக்கு டிக்கெட் எடுத்து வந்தாள். நாளைச் சாயங்கால ரயில், கீழ் பெர்த்து. செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு நான் போன் பண்ணி, வண்டியைக் கழற்றியது நான்தான், மாப்பிள்ளை மேல் தப்பில்லை என்று சொல்லிவிடுகிறேன். கிறுக்குப் பிடித்த சம்பந்தி என்று ஏற்கெனவே பெயர் எடுத்துவிட்டேன், எனக்கு அதில் ஒன்றும் குறைந்துபோகாது.

நாளைக் காலை காரில் புறப்படுவதற்கு முன்னால் நீங்கள் ஆறு மணிப் பூசைக்குப் போனதும் சக்கரங்களைக் கழற்றுவேன். மாப்பிள்ளை டயர் நாலையும் இப்போதே கத்தியால் கிழித்துவிட்டேன், தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார். அது முடிந்ததும் திருவொற்றியூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்துக் காத்திவாக்கம் போகிறேன். நீ இதைப் படிக்கிறபோது அநேகமாக அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பேன். மகளோடுதான் இருக்கிறார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். 'ஏழுமலை அண்ணே, அது தாங்குற டயரு இல்ல. எனுக்கு அப்பவே தெரியும். நீ வேகமா போவல.' மூன்றே வரிதான், மூன்றாவது வரி வாயில் வர மாட்டேன் என்கிறது.

அவர் அடிக்கலாம். அந்தப் பெண் அடிக்கலாம், அதற்கு அவரைவிட உரிமை அதிகம். போலீஸைக் கூப்பிடலாம். எதற்கும் நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. ஒன்றும் சொல்லாமல் டீ கொடுத்து உட்கார வைத்துவிடுவாரோ என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம். தனியாகப் போகத்தான் வேண்டும், தெரியும். ஆனாலும் திரும்பி வரும்போது யாராவது கூட இருந்தால் நன்றாக இருக்கும். கோபம் கொஞ்சமாவது அடங்கியிருந்தால், மத்தியானம் ஒரு மணிக்குள் நான் வீட்டுக்கு வரவில்லை என்றால், காத்திவாக்கம் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ, நைனா.

யார் வண்டியையும் கேட்டு வாங்காதே. ரயிலில் வா.

அப்பா